வாகைக் கட்டிலின் குளவிகள்

யமுனாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம் நடந்தது. பங்குனியில் ஒரு வளர்பிறை நாள், ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுத் தெருவிலிருந்த சின்னப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி, மொட்டை மாடியில் பந்தல் போட்டு முப்பது பேருக்கு இலை போட்டதோடு காரியம் முடிந்தது. மாப்பிள்ளை நல்லுசாமிக்கு நாற்பத்தெட்டு. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். முதல் மனைவி விஜயராணி சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள்; இறந்து ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் கனிஷ்கா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி விவசாயம் படிக்கிறாள்.

யமுனா திருச்சி புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். நல்லுசாமியை முதன்முதலில் பார்த்ததே அவர் கையில் ஊசி குத்தும்போதுதான். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், இரண்டு மாதத்தில் நான்கு தடவை வந்துவிட்டார். நான்காம் தடவை அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "உங்களுக்குச் சர்க்கரையெல்லாம் இல்லைங்க. சும்மா சும்மா வந்து ரத்தம் குடுக்க வேண்டியதில்ல" என்றாள்.

"அது எனக்கும் தெரியுதுங்க" என்றார் அவர், பஞ்சையே பார்த்தபடி. "வேற எப்படி வர்றதுன்னுதான் தெரியல."

அன்று மாலை வரை யமுனா வந்தவர்களுக்கெல்லாம் ஊசி வலிக்காமல் குத்தினாளாம். கூட வேலை பார்த்த ஆபிதா அப்படித்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எடமலைப்பட்டி புதூரில் நல்லுசாமியின் வீடு. ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. விஜயராணி போன பிறகு அந்த அறையைப் பூட்டிவிட்டு அப்பாவும் மகளும் ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் கதவைத் திறந்து வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தார். கட்டில் மட்டும் பழையது. முக்கொம்புப் பக்கத்துக் கிராமத்தில் விஜயராணியின் அப்பா தன் கொல்லையில் நின்ற வாகை மரத்தை அறுத்து, மகளுக்குச் சீராகச் செய்து கொடுத்தது. தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில்கள், நடுவில் ஒரு பூந்தொட்டி.

"கட்டில் பழசுதாங்க. வேணும்னா வேற வாங்கிடறேன்" என்று முதல் நாளே நல்லுசாமி சொன்னார். கல்யாணமாகியும் அவர் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். ஊசி குத்திக்கொண்ட பழக்கம் விடவில்லை.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வேற?" என்றாள் யமுனா. இறந்துபோனவளின் பொருள் வேண்டாம் என்று வந்த அன்றே சொல்லி ஆரம்பிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை இடது தோளில் ஒரு தடிப்பு. கொசு என்று விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் முதுகில் மூன்று, இடுப்பில் இரண்டு. சிவந்து, நடுவில் ஊசிமுனை அளவு புள்ளியோடு, தொட்டால் எரிந்தது; தொடாவிட்டால் அரித்தது. மூட்டைப்பூச்சியாக இருக்கும் என்று மெத்தையைத் திருப்பி, தையல் தையலாகப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கட்டிலுக்கடியில் பெருக்கும்போது தினமும் கோதுமை மாவு மாதிரிக் கொஞ்சம் தூள் வந்தது. புதுச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று வாரிக் கொட்டினாள்.

பத்து நாளானதும் வேலை முடிந்து புத்தூரிலேயே ஒரு தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முதுகைப் பார்த்தார்.

"சோப்பு மாத்தினீங்களா? புதுசா ஏதும் சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர். கல்யாணமாச்சு. அவ்வளவுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "புது இடம், புது ஆளுங்க. மனசு பதட்டமா இருந்தாக்கூடச் சில பேருக்கு இப்படித் தடிக்கும். இல்லைன்னா சொறியா இருக்கலாம். அது ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வரும். வீட்டுக்காரருக்கு இருக்கா?"

"இல்லைங்க" என்றாள் யமுனா. அவள் கேட்டதே இல்லை. வீட்டில் எந்நேரமும் கையுள்ள பனியன் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் எப்படிக் கேட்பது? மாத்திரையும் ஒரு புட்டி ரோஸ் நிற லோஷனும் வாங்கிக்கொண்டு வந்து, லோஷனைப் புடவைகளுக்கடியில் வைத்தாள். எட்டுகிற இடத்துக்கெல்லாம் தடவிக்கொண்டாள். நடுமுதுகுக்குக் கை எட்டவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நல்லுசாமி பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

"எனக்குக் குறட்டை ஜாஸ்திங்க. உங்க தூக்கம் கெடுது. காலைல நீங்களும் வேலைக்குப் போவணும்ல."

யமுனா சரி என்றாள். இத்தனை நாளில் ஒரு நாள்கூட அவர் குறட்டை விட்டு அவள் கேட்டதில்லை. பூனை மாதிரித் தூங்குகிற மனுஷன். கதவைத் திறந்தபடி வைத்துவிட்டு அந்த அகலமான கட்டிலில் ஓரமாகப் படுத்துக்கொண்டு, தன்னிடம் என்ன குறை என்று யோசித்தாள். தான் விஜயராணி இல்லை என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

பகலில் அவர் எப்போதும்போலத்தான் இருந்தார். அவளுக்கு முன்னால் எழுந்து பால் காய்ச்சினார். மாலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் நிறுத்தத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். டிபன் டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். ஆனால் விரல் படாமல் வாங்குவார். அதை யமுனா கவனித்தாள்.

சித்திரை பிறந்ததும் அண்ணன் வீட்டுக்கு மூன்று நாள் போனாள். மூன்றாம் நாள் தலை பின்னும்போது அண்ணி சுபலட்சுமி அவள் ரவிக்கைக்கு மேலே பார்த்துவிட்டு, "வந்தப்ப கழுத்தெல்லாம் சிவந்து கிடந்துது. இப்ப பாரு, அமுங்கிப் போச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வீடு உனக்கு ஒத்துக்கலையோ என்னவோ. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன். அவர்கிட்ட உங்கண்ணன் பேசுவாரு" என்றாள்.

அண்ணி கெட்டவள் இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். மூன்று நாளில் ஒரு புதுத் தடிப்புகூட வரவில்லை என்பது யமுனாவுக்கும் தெரியும். மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காவிரிப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. கீழே மணல்தான் அதிகம், நடுவில் கொஞ்சம் தண்ணீர். திரும்பிப் போவதற்கு ஒரு காரணம் சொல் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

எடமலைப்பட்டி புதூர் நிறுத்தத்தில் நல்லுசாமி வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று அவள் சொல்லவில்லை. சட்டை முதுகில் வியர்வையால் பெரிய வட்டமாக நனைந்திருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தான்" என்றார். பிறகு பையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டே, "வந்துட்டீங்க" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, வரவேற்பு மாதிரியும் இல்லை. வராமல் போய்விடுவாளோ என்று மூன்று நாள் கணக்குப் போட்ட ஒருவரின் குரலாக அது இருந்தது. யமுனாவுக்கு அவரிடம் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மே மாதம் கனிஷ்கா விடுமுறைக்கு வந்தாள். கல்யாணத்துக்கு ஒரே நாள் லீவில் வந்து போனவள். சொந்தக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி யமுனாவைச் 'சித்தி' என்று கூப்பிட்டாள்; அதில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பாவின் பாய் ஹாலில் கிடப்பதைப் பார்த்தாள். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் யமுனாவுக்கு வார லீவு. மத்தியானம் வெயில் பொறுக்காமல் கனிஷ்கா அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில், "சித்தி, ஒரு காலி மாத்திரை டப்பா இருந்தா எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்" என்று குரல் வந்தது. யமுனா ஓடினாள். கனிஷ்கா கட்டிலில் உட்கார்ந்து, முன்கையில் எதையோ விரலால் மெல்ல அமுக்கிப் பிடித்திருந்தாள். டப்பாவைச் சாய்த்துப் பிடித்து அதை உள்ளே தள்ளி மூடினாள். கையில் சிவப்பாக ஒரு புள்ளி எழும்பிக்கொண்டிருந்தது.

"எறும்பா?" என்றாள் யமுனா.

"எறும்பு மாதிரிதான் இருக்கு. ஆனா இது எறும்பு இல்ல. இடுப்பப் பாருங்க." டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். கறுப்பாக, எள்ளை விடக் கொஞ்சம் நீளமாக ஒன்று வேகமாகச் சுற்றிச் சுற்றி ஓடியது. அப்போதுதான் அவள் கண் யமுனாவின் கழுத்துக்குப் போனது. "உங்களுக்கும் கடிச்சிருக்கா?"

யமுனா முந்தானையை இழுத்தாள். கனிஷ்கா எழுந்து வந்து, கேட்காமலேயே முந்தானையை விலக்கிப் பின்கழுத்தைப் பார்த்தாள். "ஐயோ. எத்தன நாளா சித்தி?"

"வந்ததுலேருந்து."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

யமுனா முந்தானையைச் சரிசெய்தாள். கனிஷ்கா காத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நிற்பது அப்பாவைப் போலவே இருந்தது. பதில் வரும்வரை நகர மாட்டார்.

"உங்கம்மா கட்டில்ல படுத்தா எனக்கு உடம்பு அரிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?" என்றாள் யமுனா கடைசியில்.

கனிஷ்கா டப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு உங்க லேப்புக்கு நான் வரலாமா? மைக்ராஸ்கோப் இருக்கும்ல?" என்றாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், லேப்பில் கூட்டமில்லாதபோது, இருவரும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார்கள். பதினெட்டு வருஷமாக ரத்த அணுக்களை எண்ணிய கண் யமுனாவுடையது. இருப்பதிலேயே குறைந்த லென்ஸை வைத்துக் கண்ணாடித் தகட்டை மெல்ல நகர்த்தினாள். பளபளவென்று கறுத்த உடம்பு தெரிந்தது. தட்டையான நீண்ட தலை. இறக்கை இல்லை. வால் நுனியில் மயிரிழையை விட மெல்லிய கொடுக்கு.

"எறும்பு இல்ல" என்றாள் யமுனா.

கண் வைக்கும் குழாயில் செல்போனைப் பொருத்திக் கனிஷ்கா படமெடுத்துத் தன் பூச்சியியல் ஆசிரியைக்கு அனுப்பினாள். டெல்பின் மேடம் கால் மணி நேரத்தில் தானே போன் செய்தார். கனிஷ்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இது குளவிம்மா. ஒட்டுண்ணிக் குளவி. இதுல பொட்டைக்குப் பெரும்பாலும் ரெக்கை இருக்காது, அதான் எறும்பு மாதிரி தெரியுது. உங்க வீட்டுல உளுத்துப்போன மரச் சாமான் ஏதாவது இருக்கா?"

"கட்டில் இருக்கு மேடம். வாகை மரம்."

"அப்ப அதுக்குள்ள மரத்தைக் குடைற வண்டோட புழு இருக்கு. இந்தக் குளவி அந்தப் புழுவைத் தேடி ஓட்டைக்குள்ள போகும். ஒரு கொட்டு கொட்டி அசையாம ஆக்கிட்டு, அது மேலயே முட்டை வைக்கும். குஞ்சுங்க அந்தப் புழுவைத் தின்னு வளரும். மனுஷங்க மேல இதுக்கு ஒரு வேலையும் இல்ல. வழி தவறி மெத்தைக்கு வந்துடும், நாம புரண்டு படுக்கறப்ப நசுங்கும், கொட்டும். பயப்பட வேண்டாம். வண்டு போச்சுன்னா இதுவும் போயிடும்."

யமுனா குனிந்து மறுபடியும் லென்ஸில் பார்த்தாள். ஒரு மாதமாகத் தன் மனசுதான் உடம்பில் தடிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். எள்ளளவு பூச்சி. ஆபிதா வந்து என்ன என்று கேட்டதும், நாற்காலியை நகர்த்தி அவளையும் பார்க்கச் சொன்னாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மெத்தையை ஹாலுக்குத் தள்ளிவிட்டு இருவரும் கட்டிலை ஒருக்களித்து நிறுத்தினார்கள். மயில் பலகையும் கால்களும் நன்றாக இருந்தன, வைரம் பாய்ந்த உள்மரத்தில் செய்தவை. பக்கச் சட்டங்கள் இரண்டிலும், மெத்தை மறைக்கும் உள்பக்கத்தில், வெளிறிய மரத்தில் பொத்தல் பொத்தலாக ஓட்டைகள். தட்டினால் மாவு கொட்டியது. கனிஷ்கா அப்பாவின் பெட்டியிலிருந்து உளியை எடுத்துவந்து ஓரத்தில் நெம்பினாள். பொரித்த அப்பளம் போலச் சட்டம் பிளந்தது.

உள்ளே ஒரு சின்னக் குகை. அதில் வெண்ணெய் நிறத்தில் ஒரு புழு, சுண்டுவிரலில் பாதி நீளம், அசையாமல் கிடந்தது. அதன் மேல் பத்துப் பதினைந்து குளவிக் குஞ்சுகள், வெள்ளை மணிகள் போல, தலையைப் புழுவின் தோலில் புதைத்துக்கொண்டு வரிசையாக ஒட்டியிருந்தன. பக்கத்தில் அந்தக் கறுப்புக் குளவி. வெளிச்சம் பட்டதும் ஓடிவிடும் என்று யமுனா நினைத்தாள். ஓடவில்லை. சட்டம் பிளந்த அதிர்வில் ஒரு மணி கீழே விழுந்திருந்தது. குளவி அதைச் சுற்றி வந்தது, வாயால் கவ்வியது, இழுத்து இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதன் மேல் கொம்புகளால் தட்டித் தட்டிப் பார்த்தது.

"பெரும்பாலான குளவி முட்டை வச்சதும் போயிடும். இந்தச் சாதி மட்டும் கூடவே இருக்கும்னு மேடம் கிளாஸ்ல சொன்னாங்க" என்றாள் கனிஷ்கா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிறவள் மாதிரி. "நான் நேர்ல பாத்ததில்ல."

இருவரும் தரையில் முட்டி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நல்லுசாமி பணிமனையிலிருந்து வந்தார். பிரிந்து கிடந்த கட்டிலைப் பார்த்து வாசல் பக்கமே நின்றுவிட்டார்.

"அப்பா, இங்க வாங்க. சித்திக்கு ஒரு மாசமா உடம்பெல்லாம் தடிப்பு. ஏன்னு கண்டுபிடிச்சிட்டோம்" என்று கனிஷ்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே மெதுவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு யமுனாவைப் பார்த்து, "உங்களுக்குமா?" என்றார்.

அந்த 'உம்' யமுனாவின் காதில் விழுந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போனாள். "சட்டையக் கழட்டுங்க" என்றாள், லேப்பில் சொல்வதுபோல. அவர் தயங்கினார். பிறகு சட்டையைக் கழற்றி, பனியனையும் கழற்றினார். முதுகு முழுக்க, விலா ஓரமெல்லாம் தடிப்புகள். ஹாலுக்குப் போன பிறகும் ஆறவிடாமல் சொறிந்து சொறிந்து பலவும் புண்ணாகிக் கறுத்திருந்தன. அவளுடையதை விட இரண்டு மடங்கு.

"எத்தன நாளா இது?"

"கல்யாணமாகி ரெண்டாம் நாள்லேருந்து. எனக்குத்தான் ஏதோ தொத்து வியாதின்னு நெனச்சேன். வொர்க்‌ஷாப்புல எண்ணெய், அழுக்கு... உங்க கழுத்துலயும் ஒண்ணு பாத்தேன். சரி, நாம குடுத்துட்டோம், இன்னும் ஒட்டக் கூடாதுன்னு..." ஹாலில் கிடந்த பாயைக் கையால் காட்டினார். டிபன் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தார். அதே ரோஸ் நிற லோஷன். யமுனா உள்ளே போய்ப் புடவைகளுக்கடியிலிருந்து தன்னுடையதை எடுத்துவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். கனிஷ்கா இரண்டு புட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் மூவரும் சிரித்தார்கள். நல்லுசாமி கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார்.

அந்தத் துடைப்பு நிற்கவில்லை. கை கண்ணிலேயே இருந்தது. தோள் குலுங்குவதைப் பார்த்து இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அவ சொன்னா கனி" என்றார். "உங்கம்மா. படுத்த படுக்கையா இருந்தப்ப தினமும் சொன்னா. ஏதோ கடிக்குதுங்க, பாருங்கன்னு. நான் கீழ பாய்ல படுத்திருந்தேன், எனக்கு ஒண்ணும் கடிக்கல. கிட்னி கெட்டா அரிக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நானும் அதான் அதான்னு... ஒரு நாள் கோவத்துல, உனக்கு இதே பேச்சாப் போச்சுன்னுகூடச் சொல்லிட்டேன். அப்புறம் அவ சொல்றத நிறுத்திட்டா."

யமுனா அவருக்குப் பக்கத்தில், தரையில், தோள் உரச உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்ல நினைத்தாள். யூரியா ஏறினால் அரிக்கும் என்பது உண்மை. டயாலிசிஸ் நோயாளிகள் எத்தனையோ பேர் அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் அவருக்குச் சுமை குறையும். ஆனால் விஜயராணி இரண்டாம் தடவை பொய்க்காரி ஆகிவிடுவாள் போலிருந்தது.

"ரெண்டும் இருந்திருக்கும்ங்க" என்றாள். "நோயும் அரிச்சிருக்கும், இதுவும் கடிச்சிருக்கும். என் லேப்புக்கு அவங்க ரத்தம் வந்திருந்தா நானும் நோயின்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு மாசம் என்னையே கடிச்சுது. எனக்கே தெரியலையே."

அவர் முகத்தைத் திருப்பாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டிபன் டப்பா வாங்கும்போது படாத விரல்கள். பிடி இறுக்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கனிஷ்கா எழுந்து ஒரு புட்டியைத் திறந்து, பஞ்சு எடுத்து, அப்பாவின் முதுகில் தடவ ஆரம்பித்தாள். அது முடிந்ததும், "சித்தி, நீங்களும் திரும்புங்க. நடுமுதுகுல எட்டியிருக்காது" என்றாள்.

மறுநாள் ராமர் ஆசாரி வந்து பார்த்தார். இப்படி உளுத்ததை வீட்டில் வைத்திருந்தால் கதவு நிலைக்கும் போய்விடும், எரித்துவிடுங்கள் என்றார். நல்லுசாமி தலையாட்டினார். யமுனாதான் குறுக்கே பேசினாள்.

"கட்டில் கனியோட அம்மாவுது. அவதான் சொல்லணும்."

கனிஷ்கா யோசித்துவிட்டு, டெல்பின் மேடத்திடம் கேட்டாள். சட்டங்கள் இரண்டையும் எரித்தார்கள். கால்களையும் மயில் பலகையையும் மாடிக்குத் தூக்கிப் போய், கறுப்புத் தார்ப்பாயில் காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டி அக்கினி நட்சத்திர வெயிலில் போட்டார்கள். திருச்சி வெயிலில் பத்து நாள் கிடந்தால் மரத்துக்குள் எந்தப் புழுவும் தங்காது என்று மேடம் சொல்லியிருந்தார். பத்தாம் நாள் பிரித்தபோது ஒரு துளித் தூள்கூட இல்லை. ராமர் ஆசாரி தேக்கில் புதுச் சட்டம் போட்டுத் தந்தார். அதுவரை ஹாலில் மூன்று பாய்கள் விரிந்தன.

எரிக்கும் முன்னால் அந்தக் குகை இருந்த துண்டை மட்டும் கனிஷ்கா அறுத்தெடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, சமையலறை ஜன்னலில் வைத்தாள். காலையில் காபி போடும்போது யமுனா கை லென்ஸால் பார்ப்பாள். கனிஷ்கா பல் துலக்கிக்கொண்டே வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். வெள்ளை மணிகள் பருத்தன, புழு சுருங்கியது. பின்பு ஒவ்வொன்றும் மெல்லிய நூற்கூடு கட்டிக்கொண்டது. தாய்க்குளவி கூடுகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"இது எதுவும் சாப்பிடாதா?" என்றாள் யமுனா ஒரு நாள்.

"முட்டை வைக்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டதுதான் பெரும்பாலும்." கனிஷ்கா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "அம்மா டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததும் நேரா எனக்குத்தான், சித்தி, தோசை ஊத்துவாங்க. நிக்க முடியாது. ஸ்டூல் போட்டு உக்காந்து ஊத்துவாங்க. நான் எட்டாவது படிச்சேன். வேணாம்னு சொல்லத் தெரியல எனக்கு."

"வேணாம்னு சொல்லியிருந்தா வருத்தப்பட்டிருப்பாங்க" என்றாள் யமுனா. காபியை ஆற்றி அவள் கையில் கொடுத்தாள். கனிஷ்கா அங்கேயே மேடையில் ஏறி உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னாள். அன்று யமுனா வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

கூடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்ததும் கனிஷ்கா பாட்டிலைக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். பஸ் நிலையத்தில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு மறக்காம லோஷன் போடுங்க. கேக்க மாட்டாரு, நீங்கதான் புடிச்சு உக்கார வைக்கணும்" என்று யமுனாவிடம் சொன்னாள்.

வைகாசியில் விஜயராணியின் திதி வந்தது. வருஷா வருஷம் நல்லுசாமி தனியாக ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வருவார். இந்த வருஷம் முதல் நாள் மாலையே, "நீயும் வர்றியா?" என்று கேட்டார். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் சரியாகத் தெரியாது.

காலை ஆறு மணிக்கே படித்துறையில் கூட்டம். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். யமுனா மாற்று வேட்டியையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். அவர் எள்ளும் பிண்டமும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கரைத்துவிட்டு, உடனே திரும்பவில்லை. உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டார். அவர் உதடு அசைவது படியிலிருந்தே தெரிந்தது. சாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த மந்திரம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. பக்கத்தில் குளித்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். யமுனா கூப்பிடவில்லை.

ஏறி வந்ததும் துண்டை நீட்டினாள். முதுகில் தடிப்புகள் எல்லாம் ஆறி, வெறும் கறுப்புப் புள்ளிகளாக இருந்தன.

"என்ன பேசிக்கிட்டிருந்தீங்க இவ்வளவு நேரம்?"

அவர் தலையைத் துவட்டினார்.

"அவ சொன்னது நெசந்தான்னு சொன்னேன்" என்றார். "கடிச்சது நெசந்தான்னு."

யமுனா ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்தாள். எதிரே ஆற்று மணலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி காலை டிபனுக்கு வரச் சொல்லியிருந்தாள். இருவரும் மெதுவாகப் படியேறினார்கள்.